செல்பேசி வலைத்தள வடிவமைப்பில் பொதுவான தவறுகள்

செல்பேசி வலைத்தள வடிவமைப்பு என்பது செல்பேசி, கைக்கணினி முதலிய சிறிய திரையுள்ள கருவிகளில் படிப்பதற்கும் பயன்படுத்துவதற்கும் ஏற்ற வகையில் வலைத்தளங்களை அமைக்கும் பணி ஆகும். இப்பணியில் மீண்டும் மீண்டும் காணப்படும் தவறுகள் பலவும் ஒரே ஊகத்திலிருந்து பிறப்பவை. செல்பேசி என்பது அளவில் குறைந்த மேசைக்கணினி என்பதே அந்த ஊகம். உண்மையில் திரையின் அகலம் மட்டுமல்லாது உள்ளீட்டு முறை, இணைப்பின் வேகம், நினைவகம், செயலியின் ஆற்றல், பயன்படுத்தும் சூழல் ஆகிய அனைத்துமே வேறுபடுகின்றன. வடிவமைப்பாளர் பெரிய திரையும் அகலப்பட்டை இணைப்பும் உள்ள கணினியின் முன் அமர்ந்து பணியாற்றுவதால் இவ்வேறுபாடுகள் அவர் கண்ணில் எளிதில் படுவதில்லை.

கணினியும் செல்பேசியும் வைத்திருப்பவருக்கு இத்தவறுகள் சிறு தொல்லைகளே. அவர் வீடு திரும்பிக் கணினியில் பார்த்துக்கொள்வார். செல்பேசி வழியாக மட்டுமே இணையத்தை அடைபவருக்கு அந்த வழி இல்லை. கல்லூரி விண்ணப்பம், தேர்வு நுழைவுச்சீட்டு, உதவித்தொகைப் படிவம் ஆகியவை செல்பேசியில் திறக்கவில்லையெனில் அவரைப் பொறுத்தவரை அத்தளமே இல்லை.

வரலாறு

1990களின் இறுதியில் வெளிவந்த செல்பேசிகள் சில வரிகளை மட்டுமே காட்டக்கூடியவை. 1998 இல் வெளியான வாப் நெறிமுறைத் தொகுப்பு, டபிள்யூ.எம்.எல் என்னும் தனிக் குறிமொழியைக் கொண்டிருந்தது. வழக்கமான வலைப்பக்கங்களை வாப் உலாவிகள் நேரடியாகக் காட்டவில்லை. ஆகவே ஒவ்வொரு தளமும் இன்னொரு பதிப்பைத் தனியே எழுதவேண்டியிருந்தது. ஜப்பானில் என்.டி.டி. டொகோமோ நிறுவனம் 1999 பிப்ரவரியில் தொடங்கிய ஐ-மோடு சேவை, எச்.டி.எம்.எல் மொழியின் சுருங்கிய வடிவத்தைப் பயன்படுத்தியது. 2005 இல் அறிமுகமாகி 2006 ஜனவரியில் உலகெங்கும் வெளியிடப்பட்ட ஓப்பெரா மினி உலாவி வேறொரு வழியைக் கையாண்டது. பக்கத்தை முதலில் ஓர் இடைவழங்கி பெற்று, சுருக்கி, பின்னர் செல்பேசிக்கு அனுப்பியது. விலை குறைந்த கருவிகளிலும் முழு வலைத்தளங்களைப் பார்க்க இம்முறை உதவியது.

டபிள்யூ3சி எனப்படும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2005 இல் செல்பேசி வலைக்கான தனி முயற்சியைத் தொடங்கி, 2008 ஜூலையில் நன்னடைமுறைகள் குறித்த பரிந்துரையை வெளியிட்டது. அப்பரிந்துரை கருதிய அடிப்படைக் கருவியின் திரை அகலம் 120 படப்புள்ளிகள். ஒரு பக்கத்தின் மொத்த எடைக்கான வரம்பு 20 கிலோபைட்டு. இன்று ஒரு சிறு சின்னப்படமே இவ்வளவு இருப்பதுண்டு. இதற்கு ஓராண்டுக்கு முன், 2007 இல், ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன் வந்திருந்தது. வழக்கமான வலைப்பக்கங்களையே தொடுதிரையில் விரித்தும் சுருக்கியும் பார்க்கலாம் என்றானபின் தனிக் குறிமொழிகளின் தேவை மறைந்தது. 2010 மே மாதம் ஈத்தன் மார்கோட் எழுதிய கட்டுரை, ஒரே பக்கம் திரையின் அகலத்துக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் ஏற்புடை வடிவமைப்பு முறைக்குப் பெயரும் வடிவும் கொடுத்தது. சிறிய திரைக்கு முதலில் வடிவமைத்துப் பின்னர் பெரிய திரைக்கு விரிக்கவேண்டும் என்னும் கருத்தை லூக் ரோப்லெவ்ஸ்கி 2009 முதல் முன்வைத்து, 2011 இல் நூலாகவும் வெளியிட்டார்.

காட்சிப்பரப்புத் தவறுகள்

முதல் ஐபோனின் திரை 320 × 480 படப்புள்ளிகள் கொண்டது. அன்றைய வலைத்தளங்களோ கணினித் திரைக்காக எழுதப்பட்டவை. எனவே அதன் சஃபாரி உலாவி, வேறு குறிப்பு எதுவும் இல்லாத பக்கத்தை 980 படப்புள்ளி அகலமுள்ளதாகக் கருதி வரைந்து, அதனை 320க்குள் சுருக்கிக் காட்டியது. இதன் விளைவாக 16 படப்புள்ளி உயரமுள்ள எழுத்து ஏறத்தாழ 5 படப்புள்ளியாகச் சுருங்கும். இச்சுருக்கத்தைத் தவிர்ப்பதற்காக ஆப்பிள் அறிமுகப்படுத்தியதே காட்சிப்பரப்பு மேற்குறி. 'கருவியின் அகலமே இப்பக்கத்தின் அகலம்' என்று உலாவிக்குச் சொல்லும் ஒற்றை வரி அது. பிற உலாவிகளும் பின்னர் அதனை ஏற்றுக்கொண்டன.

அந்த ஒரு வரியை எழுத மறப்பது மிக எளிய தவறு, திருத்துவதும் எளிது. அதைவிடத் தீங்கானது, அவ்வரியிலேயே பக்கத்தைப் பெரிதாக்கும் வசதியை முடக்குவது. தன் பக்கம் எல்லோருக்கும் சரியாகத் தெரிகிறது என்று நம்பும் வடிவமைப்பாளர், பயனர் விரல்களால் விரித்தால் அமைப்பு குலைந்துவிடும் என்று அஞ்சி இதைச் செய்கிறார். வெள்ளெழுத்து உள்ளவரும் பார்வைக் குறைபாடுடையவரும் இதனால் படிக்கும் வழியை இழக்கின்றனர். 2016 இல் வெளியான ஐ.ஓ.எஸ். 10 பதிப்பிலிருந்து சஃபாரி உலாவி இத்தடையைப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் இத்தடைவரி பழைய வார்ப்புருக்களிலிருந்து படியெடுக்கப்பட்டுப் புதிய தளங்களிலும் வாழ்ந்துவருகிறது.

பக்கத்தின் படப்புள்ளியும் திரையின் படப்புள்ளியும் ஒன்றல்ல. 2010 இல் வந்த ஐபோன் 4 திரையில் 640 × 960 புள்ளிகள் இருந்தாலும் வலைப்பக்கம் அதை 320 × 480 ஆகவே காண்கிறது; பக்கத்தின் ஒரு புள்ளியைத் திரையின் நான்கு புள்ளிகள் வரைகின்றன. இதை அறியாதவர் செல்பேசியின் விளம்பரத்தில் உள்ள எண்ணைக் கொண்டு அகலத்தைத் தீர்மானிப்பர். இன்னொரு வகையினர் 320, 768, 1024 எனக் குறிப்பிட்ட கருவிகளின் அகலங்களை மட்டும் கருதி வரம்புகளை அமைப்பர். இவ்வகலங்களுக்கு இடைப்பட்ட கருவியிலும், மடிக்கும் திரையுள்ள கருவியிலும் அவை உடைகின்றன. கருவியின் பெயரை விட்டுவிட்டு, எந்த அகலத்தில் உள்ளடக்கம் நெருக்கடிக்கு உள்ளாகிறதோ அங்கே வரம்பை வைப்பதே பொருத்தமானது.

2018 ஜூனில் வெளியான வலை உள்ளடக்க அணுகுதன்மை வழிகாட்டி 2.1, பக்கத்தை 320 படப்புள்ளி அகலத்தில் பக்கவாட்டில் நகர்த்தாமலேயே படிக்க இயலவேண்டும் என்கிறது. வரைபடம், தரவு அட்டவணை போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ஒரு அகன்ற அட்டவணைக்காக முழுப்பக்கமும் பக்கவாட்டில் ஆடுவது அடிக்கடி காணப்படும் குறை. அட்டவணையை மட்டும் தனிப்பெட்டியில் நகரவிட்டால் போதுமானது.

முழுத்திரை உயரத்தைப் பொறுத்தும் ஒரு சிக்கல் உண்டு. செல்பேசி உலாவியின் முகவரிப் பட்டை பக்கத்தை நகர்த்தும்போது மறைந்தும் தோன்றியும் மாறுவதால், 'திரை உயரம் முழுவதும்' என அமைக்கப்பட்ட பகுதியின் அடியிலுள்ள பொத்தான் திரைக்கு வெளியே போய்விடும். சிறிய, பெரிய, மாறும் உயரங்களைத் தனித்தனியே குறிக்கும் அலகுகளை 2022 முதல் முதன்மை உலாவிகள் ஆதரிக்கின்றன.

பக்கத்தின் எடை

செல்பேசித் தளங்களின் தவறுகளுள் கண்ணுக்குத் தெரியாததும் மிகுந்த பாதிப்பை விளைவிப்பதும் பக்கத்தின் எடையே. 2 மெகாபைட்டுப் பக்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இது 16 மெகாபிட்டுகளுக்குச் சமம். நொடிக்கு 10 மெகாபிட்டு தரும் இணைப்பில் 1.6 நொடிகளில் வந்துவிடும். நொடிக்கு 1 மெகாபிட்டு இணைப்பில் 16 நொடிகள். நொடிக்கு 40 கிலோபிட்டு மட்டுமே தரும் இரண்டாம் தலைமுறை இணைப்பில் 400 நொடிகள், அதாவது ஏழு நிமிடங்களுக்குச் சற்றுக் குறைவு. நான்காம் தலைமுறைக் கருவியை வைத்திருப்பவரும் மலைப்பாதையிலோ கட்டடத்தின் உட்பகுதியிலோ நெரிசல்மிக்க பேருந்து நிலையத்திலோ இந்த மூன்றாம் கணக்குக்குள் விழக்கூடும்.

வேகத்துடன் தாமதத்தையும் கருதவேண்டும். ஒரு கோரிக்கை வழங்கியை அடைந்து விடை திரும்ப ஆகும் நேரம், பழைய கம்பியில்லா வலையமைப்புகளில் அரை நொடியைத் தாண்டுவது இயல்பு. ஒவ்வொரு புதிய வழங்கிக்கும் பெயரைத் தேடுதல், இணைப்பை ஏற்படுத்துதல், மறையாக்கத்தை உறுதிசெய்தல் எனப் பல போக்குவரத்துகள் தேவை. விளம்பரம், எழுத்துரு, பகிர்வுப் பொத்தான், கணக்கெடுப்பு நிரல் ஆகியவற்றை வெவ்வேறு வழங்கிகளிலிருந்து இழுக்கும் பக்கம், ஒரு பைட்டு உள்ளடக்கம் வருவதற்கு முன்பே பல நொடிகளைச் செலவழித்துவிடும்.

படங்களில் நிகழும் வீண்செலவு பெரிது. 4000 × 3000 புள்ளிகள் உள்ள ஒளிப்படத்தை அப்படியே ஏற்றி, பக்கத்தில் 360 புள்ளி அகலத்தில் காட்டுவது பரவலான வழக்கம். இரட்டை அடர்த்தியுள்ள திரைக்கும் 720 × 540 புள்ளிகளே போதும். அனுப்பப்படுவதோ அதைப்போல் ஏறத்தாழ 31 மடங்கு. கோப்பினைச் சுருக்கி அனுப்பினாலும் உலாவி அதனை விரித்தே வரையவேண்டும். புள்ளிக்கு 4 பைட்டு வீதம் அந்த ஒற்றைப் படம் நினைவகத்தில் 48 மெகாபைட்டு இடத்தைப் பிடிக்கும். நினைவகம் குறைந்த கருவியில் உலாவி தானே மூடிக்கொள்வதற்கு இதுபோன்ற நான்கைந்து படங்கள் போதும். திரைக்கேற்ற அளவுள்ள படத்தை உலாவியே தேர்ந்துகொள்ளும் வசதி எச்.டி.எம்.எல் மொழியில் இப்போது உள்ளது.

கணினிக்கு எழுதிய பகுதிகளைச் செல்பேசியில் 'காட்டாதே' எனப் பாணித்தாளில் குறிப்பிட்டுவிட்டால் எடை குறையும் என்று கருதுவதும் தவறு. பக்கத்தில் நேரடியாக இடப்பட்ட படம் மறைக்கப்பட்டாலும் பதிவிறக்கப்படும். பயனர் பார்க்காத பொருளுக்கும் அவரது தரவுக் கட்டணமே செலவாகிறது.

ஜாவாஸ்கிரிப்ட் நிரலின் ஒரு கிலோபைட்டும் படத்தின் ஒரு கிலோபைட்டும் சமமல்ல. படத்தை விரித்து வரைந்தால் வேலை முடிந்தது. நிரலையோ பகுத்து, மொழிமாற்றி, இயக்கவேண்டும்; அதுவரை திரை தொடுகைக்கு மறுமொழி தராது. விலையுயர்ந்த கருவியில் கண்ணிமைக்கும் நேரத்தில் முடியும் இவ்வேலை மலிவான கருவியில் பல நொடிகள் நீள்கிறது. சில வரிச் செய்தியைக் காட்டுவதற்குக்கூட முழுப்பக்கத்தையும் நிரலால் கட்டியெழுப்பும் போக்கு, இவ்வகையில் தேவையற்ற சுமை.

எடையைக் குறைப்பதன் பயனை யூடியூப் தளத்தில் பொறியாளராகப் பணியாற்றிய கிறிசு சக்கரையசு 2012 இல் எழுதிய ஒரு குறிப்பு நன்கு காட்டுகிறது. இந்நிகழ்வு செல்பேசிக்கு மட்டும் உரியதன்று எனினும் இங்கு நேரடியாகப் பொருந்தும். நிகழ்படம் காட்டும் பக்கம் அப்போது 1.2 மெகாபைட்டு எடையுள்ளதாக இருந்தது. 2009 இல் அவர் அதனை 98 கிலோபைட்டாகவும் 14 கோரிக்கைகளாகவும் குறைத்து ஒரு பகுதிப் பயனர்களுக்கு வெளியிட்டார். வியப்புக்குரிய வகையில், பக்கம் திறப்பதற்கான சராசரி நேரம் குறையாமல் கூடியது. தரவை நாடு வாரியாகப் பிரித்துப் பார்த்தபின்னரே காரணம் விளங்கியது. தென்கிழக்காசியா, தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, சைபீரியா முதலிய பகுதிகளிலிருந்து, முன்பு பக்கத்தைத் திறக்கவே இயலாதிருந்தவர்கள் முதன்முறையாக வந்திருந்தனர். அவர்களுக்குப் பக்கம் திறக்க இரண்டு நிமிடங்கள் ஆயின. பழைய பக்கமாயின் இருபது நிமிடங்களுக்கு மேல் ஆகியிருக்கும். பழைய சராசரி நன்றாகத் தோன்றியதற்குக் காரணம், மெதுவான இணைப்புள்ளோர் அதில் இடம்பெறாமையே.

தொடுகை

சுட்டியின் முனை ஒரு படப்புள்ளியைத் துல்லியமாகத் தொடும். விரல் நுனி அவ்வாறன்று. மேலும் விரல் தான் தொடும் இடத்தையே மறைக்கிறது. தொடுமிடம் குறைந்தது 44 × 44 அலகுகள் இருக்கவேண்டும் என ஆப்பிளும், 48 × 48 அலகுகள், அதாவது ஏறத்தாழ 9 மில்லிமீட்டர், இருக்கவேண்டும் என ஆண்ட்ராய்டு வழிகாட்டியும் கூறுகின்றன. 2023 அக்டோபரில் வெளியான அணுகுதன்மை வழிகாட்டி 2.2, இடைநிலைத் தகுதிக்கு 24 × 24 படப்புள்ளிகளைக் கீழ்வரம்பாக வைக்கிறது. பக்க எண்களை '1 2 3 4' எனச் சிறிதாக ஒட்டிவைப்பதும், 'அழி' பொத்தானைச் 'சேமி' பொத்தானுக்கு அருகில் வைப்பதும் இவ்வரம்புகளை மீறும் வழக்கமான எடுத்துக்காட்டுகள்.

சுட்டியை மேலே கொண்டுசென்றால் விரியும் பட்டியல் தொடுதிரையில் பொருளற்றது. 'மேலே நிற்றல்' என்ற நிலை விரலுக்கு இல்லை. சில உலாவிகள் முதல் தொடுகையில் பட்டியலை விரித்து, இரண்டாம் தொடுகையில் இணைப்பைத் திறந்து இதனை ஈடுசெய்ய முயல்கின்றன. அதை நம்பி வடிவமைப்பது கூடாது. விளக்கக் குறிப்புகளைச் சுட்டி மேலே நிற்கும்போது மட்டும் காட்டும் தளங்களில், செல்பேசிப் பயனர் அக்குறிப்புகள் இருப்பதையே அறியமாட்டார்.

பக்கம் திறந்தவுடன் முழுத்திரையையும் மறைக்கும் அறிவிப்பும் குறிப்பிடத்தக்கது. அதை மூடும் பெருக்கல் குறி பெரும்பாலும் விரலைவிடச் சிறியதாக மூலையில் இருக்கும். இத்தகைய பக்கங்களின் தரவரிசையைக் குறைக்கும் மாற்றத்தை கூகுள் 2017 ஜனவரியில் நடைமுறைப்படுத்தியது. மேலே தலைப்புப் பட்டை, கீழே 'செயலியை நிறுவுக' பட்டை என இரண்டையும் நிலையாக வைப்பதும் இதன் உறவே. செல்பேசியைப் பக்கவாட்டில் திருப்பினால் இடையே ஓரிரு வரிகளுக்கே இடம் மிஞ்சும்.

அடோபி ஃபிளாஷ் கொண்டு தளம் முழுவதையும் அமைத்தவர்களின் பட்டறிவும் இங்கு நினைவுகூரத் தக்கது. ஐபோன் ஃபிளாஷை ஆதரிக்கவில்லை. ஸ்டீவ் ஜொப்ஸ் 2010 ஏப்ரலில் அதற்கான காரணங்களை வெளிப்படையாக எழுதினார். செல்பேசிகளுக்கான ஃபிளாஷ் உருவாக்கத்தை அடோபி 2011 நவம்பரில் கைவிட்டது. 2020 இறுதியில் அதன் ஆதரவு முற்றிலும் நின்றது. சுட்டியை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட அத்தளங்கள் பலவற்றை இன்று எந்த உலாவியிலும் பார்க்க முடியாது.

படிவங்கள்

ஒரு தளத்தைப் படிப்பதில் ஏற்படும் இடர்களைப் பயனர் பொறுத்துக்கொள்வதுண்டு. படிவத்தை நிரப்புகையில் ஏற்படும் இடர் அவரது வேலையையே கெடுத்துவிடும். விண்ணப்பத்தின் கடைசி நாளில் இது இன்னும் கூர்மையாகிறது.

உள்ளீட்டுப் பெட்டியின் வகையைக் குறிப்பிடாவிடில் தொலைபேசி எண் கேட்கும் இடத்திலும் எழுத்து விசைப்பலகையே தோன்றும். தொலைபேசிக்கும் மின்னஞ்சலுக்கும் எச்.டி.எம்.எல் 5 தனி வகைகளைத் தருகிறது. 'எண்' வகையை எல்லா இலக்கங்களுக்கும் பயன்படுத்துவது எதிர்த்திசைத் தவறு. அடையாள எண், அஞ்சல் குறியீடு ஆகியவை கணக்கிடும் எண்கள் அல்ல. எண்ணாக மாற்றப்படும்போது 044 என்னும் சென்னைத் தொலைபேசிக் குறியீடு 44 ஆகிவிடும். இதற்கு எண் விசைப்பலகையுடன் கூடிய உரைப்பெட்டியே உரியது. பெட்டியின் எழுத்து 16 படப்புள்ளிக்குக் குறைவாக இருந்தால் ஐபோனின் சஃபாரி உலாவி தானாகவே பக்கத்தைப் பெரிதாக்கும். தட்டச்சிட்டு முடித்தபின் பயனர் அதனைக் கையால் சுருக்கவேண்டியிருக்கும்.

பிறந்தநாளைத் தேர்வதற்கு மாதம் மாதமாகப் பின்செல்லும் நாட்காட்டியை வைப்பது நகைப்புக்குரிய தவறு. இருபது வயதுள்ள ஒருவர் தன் பிறந்த மாதத்தை அடைய 240 முறை தொடவேண்டும். நாள், மாதம், ஆண்டு என மூன்று பெட்டிகள் இவ்விடத்தில் போதுமானவை.

ஒருமுறைக் கடவுஎண்ணைக் கேட்கும் படிவங்களில் நிகழும் இழப்பு பலருக்கும் பட்டறிவாக இருக்கும். அதன் காரணம் பரவலாக அறியப்படவில்லை. குறுஞ்செய்தியைப் படிப்பதற்காகப் பயனர் உலாவியை விட்டு வெளியே செல்கிறார். நினைவகம் போதாத கருவியில் இயங்குதளம், பின்னணிக்குச் சென்ற பக்கத்தை நினைவகத்திலிருந்து நீக்கிவிடும். அவர் திரும்பி வருகையில் உலாவி அப்பக்கத்தைப் புதிதாகத் திறக்கிறது. நிரப்பிய இருபது பெட்டிகளும் வெறுமையாகின்றன. 4 கிகாபைட்டுக்கு மேல் நினைவகமுள்ள கருவியில் சோதிக்கும் வடிவமைப்பாளர் இதைக் காண்பது அரிது. ஒவ்வொரு பெட்டியும் நிரம்பும்போதே அதனை உலாவியின் உள்ளகச் சேமிப்பில் வைத்துவிட்டால் இழப்பு நேராது. பொதுக் கணினியிலும் அதே படிவம் நிரப்பப்படலாம் ஆகையால், சமர்ப்பித்தவுடன் அச்சேமிப்பை அழிப்பதும் கடவுச்சொல்லை அதில் வைக்காதிருப்பதும் தேவை. கடவுஎண் பெட்டிக்கு உரிய தானியங்கி நிரப்புக் குறிப்பைக் கொடுத்தால், ஆதரவுள்ள கருவிகளில் விசைப்பலகையே எண்ணை முன்வைக்கும். வெளியே செல்லவேண்டிய தேவையும் இராது. சில தளங்கள் பாதுகாப்பு என்ற பெயரில் ஒட்டும் வசதியைத் தடுக்கின்றன. பயனர் எண்ணை மனப்பாடம் செய்து இரு திரைகளுக்கிடையே அலைவதைத் தவிர அதனால் ஆவது ஒன்றுமில்லை.

அமர்வுக்கால வரையறையும் இத்தகையதே. கணினியில் பத்து நிமிடங்களில் நிரப்பும் படிவத்தைச் செல்பேசியில் நிரப்ப இருமடங்கு நேரம் எடுக்கலாம். இடையில் அழைப்பும் வரும். கணினிக்கு வைத்த பதினைந்து நிமிட வரையறையைச் செல்பேசிக்கும் வைத்தால் கடைசிப் பொத்தானை அழுத்தியபின் 'மீண்டும் உள்நுழைக' என்ற செய்தியே கிடைக்கும்.

இந்தியாவில் பல போட்டித்தேர்வு விண்ணப்பங்கள், ஒளிப்படமும் கையொப்பமும் இத்தனை கிலோபைட்டுக்குள் இருக்கவேண்டும் என்று கேட்கின்றன. செல்பேசிப் படமோ பல மெகாபைட்டு இருக்கும். அதனைச் சுருக்கும் வேலை விண்ணப்பதாரரின் தலையில் விழுகிறது. இதற்காகவே இணைய மையத்துக்குச் சென்று பணம் கொடுப்போர் உண்டு. முன்பின் தெரியாத ஏதோ ஒரு 'படச்சுருக்கி' தளத்தில் தம் கையொப்பத்தை ஏற்றுவோரும் உண்டு, இது பாதுகாப்பானதன்று. தெரிவுசெய்த படத்தை உலாவியிலேயே தேவையான அளவுக்குக் குறைத்து அனுப்ப ஜாவாஸ்கிரிப்ட் நிரலின் சில வரிகள் போதும். நிரலைத் தேவையற்ற இடங்களில் குவிக்கும் தளங்கள், அது உண்மையாகவே உதவக்கூடிய இந்த இடத்தில் அதைப் பயன்படுத்துவதில்லை.

விசைப்பலகை தோன்றும்போது திரையின் பாதி மறைந்துவிடுவதையும் கருதவேண்டும். பிழைச்செய்தியைப் பக்கத்தின் உச்சியில் மட்டும் காட்டினால், அடியில் பொத்தானை அழுத்தியவர் எதுவும் நிகழவில்லை என்றே எண்ணி மீண்டும் மீண்டும் அழுத்துவார்.

தனித்தளமும் வழிமாற்றமும்

செல்பேசிக்கென வேறு முகவரியில் தனித்தளம் நடத்துவது 2000களில் பரவலாக இருந்தது. செல்பேசித் தளங்களுக்கான '.மொபி' ஆள்களப் பெயரும் 2006 இல் பதிவுக்குத் திறக்கப்பட்டது. தனித்தளம் வைப்பது அதனளவில் தவறன்று. ஒரு குறிப்பிட்ட கட்டுரைக்கான இணைப்பைத் தொடர்ந்து வந்தவரை, அவர் செல்பேசியில் இருக்கிறார் என்பதற்காகச் செல்பேசித் தளத்தின் முகப்புக்கு அனுப்பிவிடுவதே தவறு. அவர் தேடிவந்த கட்டுரையை அங்கிருந்து மீண்டும் தேடவேண்டும். இத்தகைய பிழை வழிமாற்றம் செய்யும் தளங்களின் தரவரிசை பாதிக்கப்படும் என கூகுள் 2013 ஜூனில் அறிவித்தது.

செல்பேசிப் பதிப்பில் உள்ளடக்கத்தைக் குறைப்பது மற்றொன்று. செல்பேசியில் இருப்பவர் அவசரத்தில் இருப்பார், அவருக்குச் சுருக்கம் போதும் என்ற ஊகம் இதன் பின்னுள்ளது. செல்பேசி மட்டுமே உள்ளவருக்கு இச்சுருக்கமே முழுத்தளம். செல்பேசிக்கேற்ற பக்கங்களுக்கு கூகுள் தேடலில் 2015 ஏப்ரல் 21 முதல் முன்னுரிமை தரப்பட்டது. 2018 முதல் அத்தேடுபொறி தளங்களின் செல்பேசிப் பதிப்பையே முதன்மையாகக் கொண்டு அட்டவணைப்படுத்தத் தொடங்கியது. எனவே அங்கு விடுபட்டது கணினியில் தேடுவோருக்கும் கிடைக்காமற் போகலாம்.

தமிழ்த் தளங்களில்

ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ் இதழ்களின் தளங்கள் பல, தத்தமக்குரிய குறியேற்றத்தையும் எழுத்துருவையும் பயன்படுத்தின. எழுத்துருவைத் தானாகத் தரவிறக்கும் நுட்பம் இன்டர்நெட் எக்சுபுளோரர் உலாவியில் இயங்கியது; செல்பேசிகளில் அப்பக்கங்கள் பொருளற்ற குறிகளாகவே தெரிந்தன. இதற்கு மாற்றாகச் செய்தியைப் படமாக்கி வெளியிடும் வழக்கம் தோன்றியது. அரசு ஆணைகளும் அறிவிப்புகளும் இன்றும் வருடிய படங்களாக ஏற்றப்படுவது அதன் தொடர்ச்சி எனலாம். படமாக உள்ள உரை திரைக்கேற்ப மடங்காது, தேடலில் அகப்படாது, திரைபடிப்பானால் வாசிக்கப்படாது. உரையாக இருந்தால் ஆகும் எடையைப்போல் பல மடங்கு எடையும் கொண்டது.

ஒருங்குறி உரையும் முதலில் எல்லாக் கருவிகளிலும் தெரியவில்லை. தொடக்ககால ஆண்ட்ராய்டுக் கருவிகள் பலவற்றில் தமிழ் எழுத்துரு இல்லாமையால் சதுரப் பெட்டிகளே தெரிந்தன. ஓப்பெரா மினியின் அமைப்புகளில், சிக்கலான எழுத்துமுறைகளைப் படமாக வரைந்து அனுப்பச் சொல்லும் ஒரு தெரிவு இருந்தது. தமிழ்ப் பயனர்கள் பலர் அதன் மூலமே படித்தனர்.

எழுத்துரு சிக்கல் பெரும்பாலும் நீங்கிவிட்ட போதிலும் வேறு தவறுகள் தொடர்கின்றன. யு.டி.எப்-8 குறியேற்றத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டுகள். 'தமிழ்' என்ற சொல்லில் ஐந்து குறிகள் உள்ளதால் அது 15 பைட்டுகள் ஆகும். அக்குறிகள் ஒவ்வொன்றிலும் முதல் பைட்டு ஒன்றே; இரண்டாம் பைட்டு இரண்டே மதிப்புகளுள் ஒன்று. இவ்வாறு மீளவரும் அமைப்பு சுருக்கத்துக்கு மிகவும் ஏற்றது. வழங்கியில் சுருக்க வசதியை இயக்காமல் விடுவது ஆங்கிலத் தளத்தைவிடத் தமிழ்த் தளத்துக்குக் கூடுதல் இழப்பாகும். அலங்கார எழுத்துரு ஒன்றைத் தரவிறக்கி முடியும்வரை உரையை மறைத்துவைப்பதும் தேவையற்றது. கருவியிலுள்ள எழுத்துருவில் உடனே காட்டிவிட்டுப் பின்னர் மாற்றும் வசதி பாணித்தாளில் உண்டு.

'பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள்' என்பது ஒரே சொல். 320 படப்புள்ளித் திரையில் தலைப்பளவு எழுத்தில் இது ஒரு வரிக்குள் அடங்காது. இருபக்கமும் சீராக அமைக்கும் இதழ்ப் பாணியைச் செல்பேசியில் கையாண்டால், நீண்ட சொல் அடுத்த வரிக்குச் செல்ல, முந்தைய வரியின் இரண்டு சொற்களுக்கிடையே பெரும் இடைவெளி விழும். இடப்பக்கம் மட்டும் சீராக்குவதே குறுகிய திரையில் படிக்க எளிது. ஆங்கிலச் சொல்லுக்கு அளந்து அகலம் வைத்த பொத்தானில் 'சமர்ப்பிக்கவும்' என்ற சொல் நறுக்கப்படுவதும், வரி உயரம் குறைவாக இருப்பதால் 'ஞூ', 'ணீ' போன்ற எழுத்துகளின் கொக்கிகளும் சுழிகளும் வெட்டுப்படுவதும் மொழிபெயர்க்கப்பட்ட தளங்களில் காணப்படுபவை. அகலத்தையும் உயரத்தையும் உள்ளடக்கமே தீர்மானிக்க விடுவது இவற்றுக்குத் தீர்வு. பக்கத்தின் மொழி தமிழ் எனக் குறிப்பிடாவிடில் திரைபடிப்பான் ஆங்கிலக் குரலில் தமிழைப் படிக்க முயலும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சோதனை

கணினி உலாவியின் சாளரத்தைக் குறுக்கிப் பார்ப்பது திரை அகலத்தை மட்டுமே சோதிக்கிறது. உலாவிகளின் உருவாக்குநர் கருவிகளில் இணைப்பு வேகத்தையும் செயலியின் வேகத்தையும் செயற்கையாகக் குறைக்க முடியும். இது ஓரளவு உதவும். விரலின் பருமன், வெயிலில் மங்கும் திரை, நினைவகப் பற்றாக்குறை ஆகியவற்றை இவற்றால் காட்ட இயலாது. சில ஆண்டுகள் பழைய மலிவான கருவி ஒன்றை வாங்கி, அதைக்கொண்டு படிவத்தை முதலிலிருந்து கடைசிவரை நிரப்பிப் பார்ப்பது பெருஞ்செலவு பிடிக்காத சோதனை.

வருகைக் கணக்கெடுப்பை முழுதும் நம்புவதும் கூடாது. கணக்கெடுக்கும் நிரல் பெரும்பாலும் பக்கத்தின் பிற பகுதிகளுக்குப் பின்னரே ஏறுகிறது. அது ஏறும்வரை காத்திராமல் வெளியேறியவர் கணக்கில் வருவதில்லை. வழங்கியின் பதிவேட்டில் அப்பக்கத்துக்கு வந்த கோரிக்கைகளின் எண்ணிக்கையிலிருந்து தேடுபொறி உலவிகளைக் கழித்து, அதனைக் கணக்கெடுப்பு நிரல் தரும் எண்ணிக்கையுடன் ஒப்பிட்டால், இடையில் விடுபட்டோர் எத்தனை பேர் என்பது தோராயமாகத் தெரியவரும். விளம்பரத் தடுப்பிகளால் கணக்கெடுப்பைத் தவிர்த்தவர்களும் அவ்வேறுபாட்டில் அடங்குவர் என்பதால், இணைப்பு வகை வாரியாகவும் ஊர் வாரியாகவும் பிரித்துப் பார்க்கவேண்டும்.